பழைய சேர்வர் மென்பொருளை வைத்திருப்பதா, மாறுவதா: மட்டக்களப்பு, அம்பாறைச் சிறு நிறுவனங்களுக்கு

"அடுத்த மாதம் முதல் பிஎச்பி 8.3 இயல்புநிலைப் பதிப்பாக இருக்கும். பழைய பதிப்பில் தொடர விரும்புவோர் அதைத் தாங்களாகவே தெரிவு செய்துகொள்ளலாம்." இணையத்தளங்களைத் தங்கள் சேர்வரில் வாடகைக்கு வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள், அத்தளங்களை இயக்கும் பிஎச்பி நிரல்மொழி பற்றி அனுப்பும் இத்தகைய அறிவித்தல் படிக்க வேண்டியவரைப் பெரும்பாலும் சேர்வதில்லை. பல வருடங்களுக்கு முன் மென்பொருளைச் செய்து கொடுத்துவிட்டு, இப்போது கட்டாரிலோ கொழும்பிலோ வேலை பார்க்கும் தம்பியின் மின்னஞ்சலுக்கு அது போகிறது. கல்முனையில் இருக்கும் முகாமையாளருக்கு விடயம் தெரியவருவது, ஒரு நாள் காலையில் பக்கம் வெறும் வெள்ளையாகத் திறக்கும்போதுதான்.

உடனே எழும் கேள்வி, "பழையபடி ஆக்கித் தர முடியாதா?" என்பது. முடியும். அநேகமான ஹோஸ்டிங்கில் அது இரண்டு நிமிட வேலை. பட்டியலில் பழைய பதிப்பைத் தெரிவு செய்தால் பக்கம் திரும்பி வந்துவிடும். வந்ததும் எல்லோரும் கோப்பை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையில் முடிவு எடுக்க வேண்டிய நேரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

எதையும் தீர்மானிக்குமுன் இரண்டு விடயங்களைக் கேட்டறிய வேண்டும். அந்த மென்பொருளை வெளியுலகம் தொட முடியுமா? பழைய பதிப்பில் நாளை ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைப்பவர் யார்? வேகம், தோற்றம், மற்றவர்கள் மாறிவிட்டார்கள் என்ற கூச்சம் எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான். மூன்று வகையான இடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றின் கொள்வனவுக் கணக்கு. படுவான்கரையில் கிளைகள் கொண்ட சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் அங்கத்தவர் பதிவு. பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்க இணையத்தளம். மூன்றும் பிஎச்பி, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் ஆகியவற்றைக் கொண்டு செய்தவை என்று வைத்துக்கொள்வோம்.

பட்டியலில் உண்டு, பராமரிப்பில் இல்லை

பிஎச்பியை உருவாக்கும் திட்டம் ஒவ்வொரு வரிசைக்கும் முடிவு நாளைக் குறித்தே வெளியிடுகிறது. 5.6 வரிசைக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31 உடன் நின்றுவிட்டன. 7.4 க்கு 2022 நவம்பர் 28, 8.0 க்கு 2023 நவம்பர் 26, 8.1 க்கு 2025 டிசம்பர் 31. அடுத்து 8.2 க்கு 2026 இறுதி, 8.3 க்கு 2027 இறுதி, 8.4 க்கு 2028 இறுதி. ஹோஸ்டிங் பட்டியலில் 5.6 இன்னும் தெரிகிறது என்பதற்காக யாரோ அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில நிறுவனங்கள் தாங்களே திருத்தம் இடுகின்றன. சில, வாடிக்கையாளர் ஓடிவிடக் கூடாதே என்று சும்மா விட்டுவைத்திருக்கின்றன. எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் இரண்டாவது வகை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூனில் நடந்தது நல்ல உதாரணம். விண்டோஸில் சிஜிஐ முறையில் (ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரலைத் தனியாக ஓட்டும் முறை) ஓடும் பிஎச்பியில் சிவிஇ-2024-4577 என்ற பதிவு இலக்கம் கொண்ட ஓட்டை வெளியானது. கடவுச்சொல் எதுவும் இல்லாமல் தூரத்திலிருந்தே சேர்வரில் கட்டளை ஓட்டக்கூடிய வகை அது. நம் பகுதியில் அலுவலகக் கணினிகளில் சர்வசாதாரணமாகப் போட்டுவைத்திருக்கும், பிஎச்பியையும் தரவுத்தளத்தையும் ஒன்றாக நிறுவும் ஸாம்ப் தொகுப்பும், விண்டோஸில் அதன் வழமையான அமைப்பிலேயே, அந்த ஆபத்துப் பட்டியலில் இருந்தது. 8.1.29, 8.2.20, 8.3.8 ஆகிய பதிப்புகளில் ஓட்டை அடைக்கப்பட்டது. 8.0, 7, 5 வரிசைகளும் பாதிக்கப்பட்டவைதான். அவற்றுக்கு அந்தத் திட்டத்திலிருந்து எந்தத் திருத்தமும் வரவில்லை. சில நாட்களுக்குள்ளேயே கப்பம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் கும்பல் ஒன்று அந்த வழியால் நுழையத் தொடங்கியிருந்தது.

சொந்த நாட்டு உதாரணம் வேண்டுமென்றால், 2023 ஆகஸ்டில் அரச மேகக் கணினியின் மின்னஞ்சல் முறைமைக்குக் கப்பம் கேட்கும் தாக்குதலில் நேர்ந்ததைப் பார்க்கலாம். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் சேர்வர் மென்பொருள். அதற்கான ஆதரவு அதே ஆண்டு ஏப்ரல் 11 இல் முடிந்திருந்தது. மேம்படுத்தும் திட்டம் இருந்தது, நிதி இல்லாமல் தள்ளிப்போனது என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. இணைப்பில் இருந்த காப்பு நகல்களும் சேர்ந்தே பூட்டப்பட்டன என்பது அதைவிடக் கசப்பான பகுதி.

ஆகவே இணையத்தில் திறந்திருக்கும் ஒரு மென்பொருளை, திருத்தம் வராத பதிப்பில் "இப்போதைக்கு" விட்டுவைப்பது என் கணக்கில் ஒரு தெரிவே அல்ல. வெள்ளைப் பக்கத்தைச் சரிசெய்ய அதைச் சில வாரங்களுக்கு இடலாம். அந்த வாரங்களுக்கு முடிவுத் திகதி ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் காலம்

பழைய பதிப்பை முறையாகத் தொடர வழி இல்லாமல் இல்லை. லினக்ஸ் இயங்குதள வெளியீடுகள் சில, தாங்கள் தரும் பிஎச்பிக்குத் தாங்களே பொறுப்பேற்கின்றன. உபுண்டு என்ற வெளியீட்டின் 20.04 இல் 7.4 இருக்கிறது, 22.04 இல் 8.1, 24.04 இல் 8.3. பதிப்பு இலக்கம் அப்படியே இருக்கும், பிந்திய ஓட்டைகளுக்கான திருத்தங்கள் மட்டும் பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்க்கப்படும். வழமையான ஆதரவு ஐந்து வருடம். உபுண்டு புரோ என்ற நீட்டித்த ஆதரவை இணைத்தால் பத்து வருடம். அது ஐந்து கணினிகள் வரை தனிநபர்களுக்கும் சிறு அளவிலான வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாத செய்தி. 7.4 இல் ஓடும் கணக்கு மென்பொருள் ஒன்றுக்கு இதனால் 2030 வரை மூச்சு கிடைக்கிறது. டெபியன் 11 என்ற வெளியீட்டிலும் 7.4 தான், அதன் நீண்டகால ஆதரவு 2026 ஓகஸ்ட் 31 வரை. பகிர்வு ஹோஸ்டிங்கில் கிளவுட்லினக்ஸ் இயங்குதளம் பயன்படுத்தும் நிறுவனங்கள், இன்னும் பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் இட்ட பிரதிகளைத் தருகின்றன.

இதன் குறை, யாரோ ஒருவரின் வாக்குறுதியில் தங்கியிருப்பது. சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வெளியீட்டின் 8 ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பித்தான் ஆட்கள் மாறினார்கள். 2020 டிசம்பரில் அந்த ஆதரவைக் குறைக்கும் அறிவித்தல் வந்தது. 2021 டிசம்பர் 31 உடன் கதை முடிந்தது. மாறாமல் சோம்பிக் கிடந்த சென்ட்ஓஎஸ் 7 காரர்களுக்கு 2024 ஜூன் 30 வரை ஆதரவு கிடைத்தது. சோம்பலுக்குப் பரிசு கிடைத்த அபூர்வமான சந்தர்ப்பம்.

இன்னொரு குறை பணம். கட்டணங்கள் டொலரில் அல்லது யூரோவில். 2022 இல் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில வாரங்களில் முந்நூற்று ஐம்பதைத் தாண்டியபோது, மாறாத ஒரே கட்டணம் இங்கே ஏறக்குறைய இரட்டிப்பானதை எந்தக் காசாளரும் மறந்திருக்க மாட்டார். ஊர்ச் சங்கங்கள் சிலவற்றின் இணையத்தளச் செலவை ஜெர்மனியிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் உறவினர் தன் கடன் அட்டையில் கட்டிவருகிறார். ஜெர்மனியின் ஐயோனோஸ் போன்ற நிறுவனங்கள் பழைய பிஎச்பிக்கென மாதாமாதம் தனிக் கட்டணம் அறவிடுகின்றன. அங்கே மாமாவின் பட்டியலில் அது ஒரு வரியாகப் போய்க்கொண்டிருக்கும். இங்கே பழைய பதிப்பில் இருக்கிறோம் என்பதே செயலாளருக்குத் தெரியாது. நீட்டித்த ஆதரவு வாடகை போன்றது. எத்தனை வருடம் கட்டினாலும் வீடு சொந்தமாகாது. ஆனால் வேறு வீடு கட்டி முடியும்வரை இருக்க இடம் வேண்டும் என்றால் வாடகையில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓட்டை அடைபட்டாலும் சுற்றியுள்ள உலகம் நகர்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2021 செப்டெம்பர் 30 இல் தளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, இணைப்பைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.2 பதிப்பைக் கொண்ட சேர்வர்கள் பல, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழ் பயன்படுத்தும் தளங்களுடன் பேச முடியாமல் தடுமாறின. தளம் திறக்கும், ஆனால் அங்கத்தவருக்குத் தவணை நினைவூட்டல் அனுப்பும் எஸ்எம்எஸ் சேவையுடன் இணைப்பு அறுந்திருக்கும். பழைய சேர்வர் இப்படித்தான் ஓரங்களிலிருந்து உதிரத் தொடங்குகிறது.

வெளிக்கதவை அடைத்துவிடுவது

நெல் ஆலைக்கு வருவோம். கொள்வனவுக் கணக்கு அலுவலகத்துக்குள் மட்டுமே வேண்டும். தராசுக்குப் பக்கத்தில் ஒரு கணினி, காசாளரிடம் ஒன்று, முதலாளியின் மேசையில் ஒன்று. இந்த மூன்றுக்காக ஒரு மென்பொருள் ஏன் இணையத்தில் இருக்க வேண்டும்? ஆரம்பத்தில் ஹோஸ்டிங் மலிவாக இருந்தது, செய்து கொடுத்தவருக்கு அது பழக்கம், இவ்வளவுதான் காரணம். இத்தகைய இடத்தில் பழைய பதிப்பை அப்படியே உள்ளே கொண்டுவந்து, வெளித் தொடர்பை வெட்டிவிடுவது மானக்கேடான வழியல்ல. பல சந்தர்ப்பங்களில் அதுவே புத்திசாலித்தனமானது.

ஆனால் "வெட்டிவிட்டோம்" என்று சொல்பவர்களில் பலர் வெட்டியிருப்பதில்லை. வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டதற்காக ரூட்டரில் ஒரு வாசல் திறந்திருக்கும். தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் செயலி ஒன்று, ஆறு எழுத்துக் கடவுச்சொல்லுடன், எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வைபை கடவுச்சொல் நெல் கொண்டுவரும் லொறிக்காரர்களுக்கும் தெரியும். பென்டிரைவ் பக்கத்துத் தொடர்பாடல் கடைக்கும் இங்குமாக நடமாடும். இவை அடைபட்டிருந்தால்தான் பழைய மென்பொருள் உள்ளே இருக்கலாம். சேர்வருக்கும் அந்த மூன்று கணினிகளுக்கும் தனி வலையமைப்பு, விருந்தினர் வைபைக்கு வேறு, சேர்வருக்கு இணைய இணைப்பே இல்லை. முதலாளிக்கு வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமானால் விபிஎன் எனும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டும்.

இன்னொன்று, பழைய மென்பொருளைப் பழைய இயந்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பது. கரையோர உப்புக்காற்று மதர்போர்டைத் தின்னும். பருவமழைக்கு முந்திய இடிமின்னல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பழைய முறைமையை அப்படியே ஒரு மெய்நிகர் கணினியாக்கி (இன்னொரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினி), புதிய இயந்திரத்தில் ஓடவிடுவதே சரி. அதன் முழுப் பிரதியை ஒரு வெளி வன்தட்டில் எடுத்து, இணைப்பைக் கழற்றி, வேறு கட்டடத்தில் உயரமான இடத்தில் வைக்க வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு உயரமான இடம் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

மாறுவது என்றால் என்ன செலவு

கூட்டுறவுச் சங்கத்துக்கு இந்த வழி கைகொடுக்காது. கிளைகள் வெவ்வேறு ஊர்களில் இருக்கின்றன. அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கடன் நிலுவை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அமுலாக்கம் கட்டங்கட்டமாகவே நகர்கிறது என்றாலும், கடன் வாங்கிய பெண்களின் விவரம் ஊருக்குள் கசிந்தால் வரும் விபரீதத்துக்கு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கே மாறத்தான் வேண்டும். எவ்வளவு வலிக்கும் என்பதுதான் கேள்வி.

5.6 இலிருந்து வருபவர்களுக்கு முதல் அடி மைஎஸ்கியூஎல்_ என்று தொடங்கும் பழைய கட்டளைகள். 7.0 இல் அவை முற்றாக நீக்கப்பட்டன. மைஎஸ்கியூஎல்ஐ அல்லது பிடிஓ என்ற புதிய தரவுத்தள இணைப்பு வழிக்கு எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். ஈச், கிரியேட்_ஃபங்ஷன் போன்ற கட்டளைகள் 8.0 இல் போய்விட்டன. இவையெல்லாம் நல்ல வகைப் பிழைகள் என்பேன். நிரல் நின்றுவிடும், எந்த வரி என்று சொல்லும், திருத்திவிடலாம். நிரலைத் தானாக மாற்றியும் பிழை தேடியும் தரும் ரெக்டர், பிஎச்பிஸ்டான் போன்ற கருவிகள் பாதி வேலையை முடித்துத் தரும்.

பயப்பட வேண்டியது சத்தமில்லாத மாற்றங்களுக்கு. பிஎச்பி 7 வரை, வெறுமையாக விடப்பட்ட ஒரு கட்டத்தைப் பூச்சியத்துடன் ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்று பதில் வரும். 8 இல் சமமில்லை. "நிலுவை பூச்சியமானால் கடன் முடிந்தது" என்று எழுதிய ஒரு வரியை நினைத்துப் பாருங்கள். நிலுவைக் கட்டத்தைச் சிலருக்கு வெறுமையாகவே விட்டிருந்தால், நேற்றுவரை கடன் முடித்தவர்களாக இருந்தவர்கள் இன்று முடிக்காதவர்களாகிவிடுவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. களுவாஞ்சிகுடிக் கிளைக்கு யாராவது வந்து சண்டை பிடிக்கும்போதுதான் தெரியும்.

தரவுத்தளத்திலும் இதே கதை. மைஎஸ்கியூஎல் 5.7 இலிருந்து, தவறான தரவை ஏற்காத கண்டிப்பு முறை இயல்புநிலையானது. பிறந்த திகதி தெரியாத அங்கத்தவருக்குப் பூச்சியங்களாலான திகதியை இட்டுவைத்திருந்தால், புதிய பதிப்பு அதை ஏற்க மறுக்கும். போர்க்காலத்தில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் நிறைந்த நம் பகுதியில் அத்தகைய பதிவுகள் ஒன்றிரண்டோடு நிற்பதில்லை. மைஎஸ்கியூஎல் 8.0 இல் இயல்புநிலை எழுத்துக் குறிமுறை, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 இலிருந்து யூனிகோட் முழுவதையும் கொள்ளும் யுடிஎஃப்8எம்பி4 ஆக மாறியது. பழைய பிஎச்பி அதனுடன் கைகுலுக்கவே மறுக்கும். ஆகையால் பிஎச்பியையும் தரவுத்தளத்தையும் எந்த ஒழுங்கில் மாற்றுவது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். முதலில் பிஎச்பி, அது நிலைபெற்ற பின் தரவுத்தளம் என்பதே என் தெரிவு.

தமிழ் எழுத்துகள் இங்கே தனி வழக்கு. அக்காலத்தில் யூனிகோட் தமிழை லத்தீன்1 அட்டவணைக்குள் அப்படியே கொட்டிவைத்தார்கள். எழுதியதும் வாசித்ததும் ஒரே தவறான வழி என்பதால் திரையில் சரியாகத் தெரிந்தது. குறிமுறையை நேராக்காமல் இடம்பெயர்த்தால், பெயர்கள் எல்லாம் தலையில் கோடும் புள்ளியும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளாகிவிடும். அதைத் திரும்பச் சரியாக்க வழி உண்டு. ஆனால் பாதிப் பதிவுகள் பழைய முறையிலும் மீதி புதிய முறையிலும் கலந்தபின் முயன்றால் மிகக் கடினம். வேடிக்கை என்னவென்றால், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பதிவுகளுக்கு எந்தப் பதிப்பு மாற்றத்தாலும் கீறல்கூட விழாது. கணினியைப் பொறுத்தவரை அவை வெறும் ஆங்கில எழுத்துகள். தேடவும் முடியாது, கைபேசியில் வாசிக்கவும் முடியாது, ஆனால் அழியாது. மாறுகிற கையோடு அவற்றையும் யூனிகோடாக்கிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இல்லாவிட்டால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

ஒரே இரவில் மாற வேண்டியதில்லை என்பதுதான் இந்த வழியின் பலம். ஒரே சேர்வரில் 7.4 உம் 8.3 உம் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். பிஎச்பியை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் என்ற சேவை அதற்கு வசதி தருகிறது. நேற்றைய காப்பு நகலை வைத்துப் புதிய பதிப்பில் ஒரு பிரதியை எழுப்பி, இரண்டிலும் ஒரே மாத முடிவு அறிக்கையை எடுத்து, தொகைகளை ஒப்பிட வேண்டும். நிரல் எழுதுபவரைவிட, வருடக்கணக்காக அந்தப் பேரேட்டைப் பார்த்துவரும் கணக்காளர் அக்காவே இந்தச் சோதனைக்குச் சரியான ஆள். அவருடைய நேரத்துக்கும் கொடுப்பனவு ஒதுக்குங்கள்.

எப்போது செய்வது என்பதற்கும் நம் ஊர் நாட்காட்டிதான் பதில். நவம்பர், டிசம்பரில் மழையும் மின்தடையும். ஜனவரியில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை, கடன் அறவீடு. மே, ஜூன்தான் கொஞ்சம் ஓய்ந்த காலம். ஹோஸ்டிங் நிறுவனத்தின் காலக்கெடு டிசம்பரில் விழுந்தால், அடுத்த ஜூன் வரை நீட்டித்த ஆதரவுக்குப் பணம் கட்டுவது வீண் செலவாகாது.

கைவிடுவதும் ஒரு தெரிவு

பழைய மாணவர் சங்கத் தளத்துக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. அதில் இருப்பது படங்கள், நிர்வாகக் குழுப் பட்டியல், வருடம் ஒருமுறை மாறும் அறிவித்தல். வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் செய்தது என்றால் பதிப்பு மாற்றத்தைத் தோற்றத்துக்கான கருப்பொருளும் கூடுதல் வசதிகளுக்கான செருகுநிரல்களும்தான் தடுக்கும், வேர்ட்பிரஸ் 6.3 வெளியானபோதே பிஎச்பி 5 ஐக் கைவிட்டது, 6.6 க்குக் குறைந்தது 7.2.24 வேண்டும். செருகுநிரல்களைப் புதுப்பிக்க ஆள் இல்லையென்றால், முழுத் தளத்தையும் நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக எடுத்து வைத்துவிடுங்கள். பிஎச்பி இல்லை, தரவுத்தளம் இல்லை, காலாவதியாக எதுவுமில்லை. தொடர்புப் படிவம் போய்விடும். அதற்குப் பதிலாகச் செயலாளர் பதவிக்கான ஒரு மின்னஞ்சல் முகவரி போதும்.

கூட்டுறவுச் சங்கத்துக்கும், சொந்த மென்பொருளை விட்டுவிட்டு மாதச் சந்தா கட்டும் ஆயத்தச் சேவைக்குப் போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பதிப்புக் கவலை தீரும். ஆனால் தமிழில் பற்றுச்சீட்டு வருமா, தரவை முழுதாக வெளியே எடுக்க முடியுமா, இணைப்பு இல்லாத நாளில் வாகரைப் பக்கக் கிளை என்ன செய்யும் என்று கேட்டுப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. பழைய நிரலை எழுதியவர் தொடர்பில் இருக்கிறார், மூலநிரல் கையில் இருக்கிறது என்றால், நான் மாற்றி எழுதுவதற்கே காசு செலவழிப்பேன். மூலநிரலே இல்லை, அல்லது அது குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கிறது என்றால் மட்டும் ஆயத்தச் சேவை.

எந்த வழியில் போனாலும் பழைய முறைமையை மாறிய மறுநாளே அழித்துவிட வேண்டாம். கணக்காய்வாளர் இரண்டு வருடத்துக்கு முந்திய பதிவு ஒன்றைக் கேட்பார். புதிய முறைமையில் அது வேறு தொகையைக் காட்டினால், பழையதைத் திறந்து காட்ட முடிய வேண்டும். வலையமைப்பில் இணையாத மெய்நிகர் கணினியாக, வாசிக்க மட்டும் அனுமதியுடன், அதன் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் தலைவரிடமும் பொருளாளரிடமும் ஒவ்வொரு பிரதியாகக் கொடுத்து வையுங்கள். ஹோஸ்டிங் அறிவித்தல்கள் போகும் மின்னஞ்சலையும் அன்றே சங்கத்தின் முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.